தொட்டால் கேட்கும் மனசு: செர்ரி மேஜிக் வாசகர்களின் சண்டைகள்

'செர்ரி மேஜிக்' என்ற ஜப்பானியச் சித்திரக்கதையை, அதாவது மங்காவை, படித்துவிட்டுப் பிடிக்கவே இல்லை என்று சொன்ன பி.எல். (ஆண்களுக்கிடையேயான காதல் கதைகள்) வாசகரை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் எதுவரைக்கும் பிடித்தது என்று கேட்டால் ஆளாளுக்கு ஒரு பதில் வரும். முதல் மூன்று தொகுதிதான் உயிர், அதற்கப்புறம் சோறும் துணி துவைப்பும்தான் என்பார்கள் சிலர். மங்காவை விட ஜப்பானியத் தொலைக்காட்சித் தொடர்தான் உசத்தி என்பார்கள் வேறு சிலர். கதாநாயகர்களில் ஒருவனான குரோசாவா மாதிரி ஒருத்தன் உலகத்திலேயே கிடையாது, அதனால் ஒட்டவில்லை என்பவர்களும் உண்டு. எல்லாவற்றையும் வருஷக்கணக்காகக் கேட்டுக் கேட்டு எனக்கு ஒரு எண்ணம் வந்திருக்கிறது. இந்தச் சண்டைகளில் பாதி, கதையில் வரும் மந்திரசக்தி எதற்காக இருக்கிறது என்பதை நாம் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி எடுத்துக்கொள்வதால் வருபவை.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கன்னி கழியாமல் முப்பது வயதைத் தொட்டுவிட்ட ஆண் மந்திரவாதி ஆகிவிடுவான் என்று ஜப்பானிய இணையத்தில் ரொம்ப நாளாகச் சுற்றுகிற ஒரு கிண்டல் உண்டு. மங்காவை வரைந்த யூ டொயோட்டா அந்தக் கிண்டலை அப்படியே நிஜமாக்கிவிட்டார். அடாச்சி கியோஷி என்ற சாதாரண அலுவலக ஊழியனுக்கு முப்பதாவது பிறந்தநாளில் ஒரு சக்தி வருகிறது, யாரைத் தொட்டாலும் அவர்கள் மனசில் ஓடுவது காதில் விழும். அதே அலுவலகத்தில், அதே வருஷம் வேலைக்குச் சேர்ந்த குரோசாவா யூய்ச்சி விற்பனைப் பிரிவின் நட்சத்திரம். அழகன், திறமைசாலி, எல்லோருக்கும் பிடித்தவன். அவன் மனசுக்குள் வருஷக்கணக்காக அடாச்சிதான் இருக்கிறான் என்பது ஒரு நாள் தற்செயலாக அடாச்சிக்குக் கேட்டுவிடுகிறது. டொயோட்டா இதை முதலில் ட்விட்டரிலும் பிக்சிவ் என்ற ஓவியத் தளத்திலும் துண்டு துண்டாகப் போட்டுவந்தார். 2018-ல் ஸ்குயர் எனிக்ஸ் பதிப்பகம் அதைத் தொடராக எடுத்துக்கொண்டது. அப்படிச் சின்னச் சின்ன அத்தியாயங்களாகப் பிறந்ததால்தான் இதன் நகைச்சுவைக்கு அந்த வேகம் இருக்கிறது என்பது என் கணிப்பு.

லிஃப்ட் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். காலை நேரம், ஆள் நெரிசல், அடாச்சி மூலையில் ஒடுங்கி நிற்கிறான். யார் மேலாவது உடம்பு பட்டால் அவர்களுடைய வேலைக் கவலை, தூக்கக் கலக்கம் எல்லாம் தலைக்குள் வந்து விழுகிறது. அப்போது குரோசாவா உள்ளே வருகிறான், நெரிசலில் அடாச்சி மேல் சாய்கிறான். முகத்தில் ஒரு சலனமும் கிடையாது, அலுவலகத்து மரியாதையோடு நிற்கிறான். ஆனால் உள்ளே, அடாச்சி படுத்து எழுந்த முடியோடு அப்படியே வந்திருக்கிறானே, எவ்வளவு அழகாக இருக்கிறது என்று ஒரு குரல் குதிக்கிறது. வேறு யாரையோ நினைக்கிறான் போல என்று அடாச்சி முதலில் சமாதானம் சொல்லிக்கொள்ளப் பார்க்கிறான். முடிவதில்லை, ஏனென்றால் அந்தக் குரல் அவன் பெயரையே சொல்கிறது. டொயோட்டாவின் கோடுகள் ரொம்ப எளிமையானவை, பின்னணி பெரும்பாலும் காலியாகவே இருக்கும். ஆனால் குரோசாவாவின் வெளிமுகத்தையும் உள்மனசையும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து வைக்கும்போது வருகிற அந்த இடைவெளி இருக்கிறதே, அதிலேயே பாதிச் சிரிப்பு முடிந்துவிடுகிறது.

இங்கேயே முதல் சண்டை தொடங்குகிறது. ஒருத்தன் சொல்லாத விஷயத்தை அவன் அனுமதி இல்லாமல் கேட்பது சரியா? இதைக் கேட்கிற வாசகர்களை நான் லேசாக எடுத்துக்கொள்வதே இல்லை. குரோசாவா அவ்வளவு வருஷம் பொத்திப் பொத்தி வைத்திருந்த ரகசியம் அது. ஆணாக இருந்துகொண்டு கூட வேலை பார்க்கும் இன்னொரு ஆணை விரும்புகிறான். வெளியே தெரிந்தால் வேலை, நட்பு எல்லாம் போய்விடலாம் என்ற பயம் அவனுக்கு இருக்காதா? அதை ஒரு லிஃப்டில் இன்னொருவன் கேட்டுவிடுவது சின்ன விஷயமில்லை. ஆனால் கதை இதை மறந்துவிடவில்லை என்பதுதான் என் பதில். சக்தி தானாக வந்தது, அடாச்சி தேடிப் போகவில்லை. அதையும் தாண்டி, கேட்டதை வைத்துக்கொண்டு ஒன்றும் தெரியாதவன் மாதிரி நடிப்பது அவனை அரித்துக்கொண்டே இருக்கிறது. இதைக் குரோசாவாவிடம் சொல்லாமல் காதலிக்க முடியாது என்கிற இடத்துக்கு அவன் வந்து சேர்கிற வரைக்கும் அந்த உறுத்தல் கதைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. வெறும் சிரிப்புக்காக எழுதியிருந்தால் இந்த உறுத்தலே தேவைப்பட்டிருக்காது.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. அடாச்சி தன்னை யாரும் விரும்பமாட்டார்கள் என்று முடிவு கட்டி வாழ்கிறவன். சோகமாகக்கூட இல்லை, பழகிவிட்டான். இப்படிப்பட்ட ஆளிடம் யாராவது நேரில் வந்து உன்னைப் பிடித்திருக்கிறது என்று சொன்னால் என்ன செய்வான்? விளையாட்டுக்குச் சொல்கிறார்கள் என்பான், பரிதாபப்பட்டுச் சொல்கிறார்கள் என்பான், ஆள் மாறிச் சொல்லிவிட்டார்கள் என்பான். தப்பித்துக்கொள்ள ஆயிரம் வழி வைத்திருப்பான். மனசின் குரல் நேராகக் காதில் விழும்போது அந்த வழியெல்லாம் அடைபட்டுப் போகிறது. பொய் சொல்ல முடியாத ஒரு இடத்திலிருந்து வருகிற அன்பை அவன் நம்பித்தான் ஆகவேண்டும். இந்தச் சக்தி அவனுக்கு வந்ததே இதற்காகத்தான் என்று நான் படிக்கிறேன். அப்படிப் படித்தால் கதையின் பிற்பகுதி வேறு மாதிரி தெரியும், அதற்கு அப்புறம் வருகிறேன்.

குரோசாவா பற்றிய புகாரையும் சொல்லிவிட வேண்டும். ரொம்ப நல்லவன், ரொம்ப அழகன், சமைப்பான், வீட்டைச் சுத்தமாக வைத்திருப்பான், கடைசி ரயிலைத் தவறவிட்ட அடாச்சியைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போய் மாற்று உடை கொடுத்து, காலையில் சாப்பாடும் செய்து தருவான். கனவில் வருகிற ஆள் என்கிறார்கள். வாஸ்தவம்தான். ஆனால் அவன் ஏன் அடாச்சியிடம் விழுந்தான் என்று சொல்கிற அத்தியாயத்தை இவர்கள் வேகமாகப் புரட்டிவிட்டார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம். சின்ன வயதிலிருந்தே குரோசாவாவுக்குக் கிடைத்ததெல்லாம் முகத்துக்கான பாராட்டு. வேலையில் ஜெயித்தாலும் அழகாக இருப்பதால் ஜெயித்தான் என்பார்கள். ஒரு வாடிக்கையாளரோடு குடிக்க வேண்டி வந்து, அளவு மீறி, நிலைகுலைந்து போன ஒரு ராத்திரியில் கூட இருந்து பார்த்துக்கொண்டவன் அடாச்சி. அதுவரைக்கும் இரண்டு பேரும் பெரிதாகப் பேசிக்கொண்டதுகூட இல்லை. நீ எப்போதும் எவ்வளவோ முயற்சி எடுக்கிறாய், உனக்கும் இப்படி முடியாமல் போகிற நேரம் இருக்கிறது என்று பார்ப்பது நன்றாக இருக்கிறது என்கிற மாதிரி ஏதோ சொல்கிறான், சொன்னவனுக்கு அது நினைவில்கூடத் தங்கவில்லை. கேட்டவனுக்கு அது போதுமானதாக இருந்தது. தன் குறையை ஒருத்தன் பார்த்துவிட்டு விலகிப் போகாமல் இருந்தான் என்பது குரோசாவாவுக்கு முதல் தடவை. ஆக, அடாச்சி மாதிரியே இவனும் தன்னை யாரும் நிஜமாகப் பார்க்கமாட்டார்கள் என்று நினைத்து வாழ்ந்தவன்தான், வெளியே மட்டும்தான் வேறு வேறு மாதிரி இருக்கிறார்கள். இதைப் பிடித்துக்கொண்டால் அவன் வெறும் கனவு ஆளாக எனக்குத் தெரிவதில்லை.

நான் திரும்பத் திரும்பப் போகிற ஒரு இடம் அலுவலக விருந்துக் காட்சி. குடித்துவிட்டு விளையாடுகிறார்கள், விளையாட்டின் கட்டளை இவர்கள் இரண்டு பேரும் முத்தமிட வேண்டும் என்று வந்துவிடுகிறது. சுற்றி எல்லோரும் கைதட்டுகிறார்கள். குரோசாவாவுக்கு வருஷக்கணக்கான ஆசை, கை எட்டும் தூரத்தில். ஆனால் அடாச்சி பயந்து போயிருப்பது அவனுக்குத் தெரிகிறது. நெற்றியில் ஒரு முத்தத்தோடு முடித்துக்கொள்கிறான். வலுக்கட்டாயத்தைக் காதல் மாதிரி காட்டுகிற பழைய பி.எல். கதைகள் எவ்வளவோ உண்டு, அதைப் பார்த்து வளர்ந்த வாசகர்களுக்கு இந்த ஒரு காட்சி எவ்வளவு பெரிய ஆறுதல் என்று வெளியாருக்கு விளக்குவது கஷ்டம். அதற்குப் பிறகு இரண்டு பேரும் தனியாக இருக்கும்போது குரோசாவா மன்னிப்புக் கேட்கிறான், அடாச்சியோ அது பிடிக்காமல் இல்லை என்கிறான். அவ்வளவுதான் சொல்லத் தெரிகிறது அவனுக்கு. மனசைப் படிக்கத் தெரிந்தவன் தன் மனசைச் சொல்லத் திணறுகிறான், மனசைப் படிக்கத் தெரியாதவன் எதிரில் இருப்பவனின் தோளையும் கையையும் பார்த்தே புரிந்துகொள்கிறான்.

சரி, இப்போது பெரிய சண்டைக்கு வருவோம். இவர்கள் காதலர்கள் ஆன பிறகு வருகிற தொகுதிகள் சப்பென்று இருக்கின்றன என்பது. கன்னி கழிந்தால் சக்தி போய்விடும் என்பது கதையின் விதி. அதனால் அடாச்சிக்கு ஒரு பயம். இந்தச் சக்தி இல்லாமல் போனால் குரோசாவா என்ன நினைக்கிறான் என்று எனக்கு எப்படித் தெரியும்? முதலில் தொல்லையாக வந்த சக்தி இப்போது பிடிமானமாகிவிட்டது. அதை விட்டுவிட்டு அவன் முன்னால் போகும்போது நகைச்சுவையின் பெரிய இயந்திரமே நின்றுவிடுகிறது என்பது உண்மைதான். அப்புறம் வருவது ஒரே வீட்டில் வாழ்வது, வேலை, வீட்டாரிடம் சொல்வது, சின்ன மனவருத்தங்கள். மாயம் போனதும் மங்காவும் போய்விட்டது என்று எழுதுகிறவர்களின் ஏமாற்றம் எனக்குப் புரிகிறது. அவர்கள் சிரிக்க வந்தார்கள், சிரிப்பு குறைந்துவிட்டது.

ஆனால் மந்திரம் அடாச்சியை நம்ப வைப்பதற்காக வந்தது என்று நான் மேலே சொன்னதை எடுத்துக்கொண்டால், நம்பிக்கை வந்த பிறகு அதற்கு வேலை ஏது? இனி அவன் கேட்க வேண்டும், சொல்ல வேண்டும், தப்பாகப் புரிந்துகொண்டு திரும்பப் பேச வேண்டும். மற்ற எல்லோரும் செய்கிற அதே வேலை. முப்பது வருஷம் வாயைத் திறக்காத ஒருத்தன் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எனக்கு இது வேண்டும் என்று சொல்லக் கற்றுக்கொள்வதை இவ்வளவு பொறுமையாக வரைந்த பி.எல். மங்காவை நான் அதிகம் படித்ததில்லை. காதலைச் சொன்னதோடு கதையை முடித்துவிடுவது இந்த வகையில் வழக்கம், அதற்கு மேல் பக்கம் பக்கமாக வாழ்க்கையைக் காட்டுவது டொயோட்டா எடுத்த துணிச்சல். சில அத்தியாயங்கள் இழுக்கின்றன என்பதை ஒப்புக்கொள்கிறேன். குரோசாவாவின் அதீதக் கற்பனைகள், அடாச்சியைப் பார்த்து உள்ளுக்குள் உருகுவது, இதெல்லாம் ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வருகிறது. ஆனாலும் இரண்டு பகுதிகளில் நான் எப்போதும் பிற்பகுதியின் பக்கம்தான்.

தொலைக்காட்சித் தொடருக்கு வருவோம். 2020 அக்டோபரில் டிவி டோக்கியோவில் தொடங்கி டிசம்பரில் முடிந்தது, பன்னிரண்டு அத்தியாயங்கள். அகாசோ எய்ஜி அடாச்சியாக, மச்சிதா கெய்ட்டா குரோசாவாவாக. இந்த மங்காவை உலகம் முழுக்கக் கொண்டுபோனது இதுதான். நம் ஆட்களில் பலரும் தொடரை முதலில் பார்த்துவிட்டுத்தான் ஆங்கில மங்காவைத் தேடியிருப்பார்கள். மச்சிதாவின் கண்களைச் சொல்ல வேண்டும். மங்காவில் குரோசாவாவின் உள்மனசு எழுத்தாக இருக்கிறது, இவர் அதைக் குரலுக்கு முன்னாலேயே பார்வையில் கொண்டுவந்துவிடுகிறார். அகாசோ தோளைச் சுருக்கி நிற்கிற விதம் ஒன்றே போதும், அவன் முப்பது வருஷம் எப்படி வாழ்ந்தான் என்று தெரிந்துவிடும்.

ஆனால் கடைசி அத்தியாயத்து லிஃப்ட்! முதல் நாள் எங்கே கதை தொடங்கியதோ அதே மாதிரி ஒரு லிஃப்ட், இரண்டு முகங்கள் நெருங்குகின்றன, கதவு மூடிக்கொள்கிறது. முத்தம் நமக்குக் காட்டப்படுவதில்லை. இதைச் சுற்றி நடந்த வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. அழகான அடக்கம் என்பவர்கள் ஒரு பக்கம். ஆண் பெண் காதல் தொடராக இருந்தால் இப்படிக் கதவை மூடியிருப்பார்களா என்று கேட்பவர்கள் மறுபக்கம். நான் இரண்டாவது கட்சி. காட்சி தனியாகப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது, தொடக்கத்தோடு முடிச்சுப் போடுவதும் புரிகிறது. ஆனால் பன்னிரண்டு அத்தியாயமும் ஒருத்தன் ஒளிந்து ஒளிந்து ஆசைப்பட்டதைப் பார்த்தவர்களுக்கு, கடைசியிலும் அது ஒளிந்தே நடக்க வேண்டும் என்றால் எங்கேயோ குத்துகிறது. மங்காவில் இந்தத் தயக்கம் கிடையாது.

தொடர் மங்காவை மிஞ்சிய ஒரு இடம் உண்டு, ஃபுஜிசாக்கி. மங்காவில் இவள் ஃபுஜோஷி, அதாவது ஆண்களுக்கிடையேயான காதல் கதைகளின் ரசிகை. அலுவலகத்தில் அடாச்சியையும் குரோசாவாவையும் பார்த்து மனசுக்குள் ஜோடி சேர்த்து மகிழ்கிறவள், ஒரு விதத்தில் வாசகரின் பிரதிநிதி. சிலருக்கு இது செல்லம், சிலருக்கு உறுத்தல். கூட வேலை செய்கிற நிஜ மனிதர்களை இப்படிப் பார்க்கலாமா என்று கேட்கிறார்கள். தொடரில் இவளை மாற்றி எழுதினார்கள். அவளுடைய அம்மா தொலைபேசியில் கல்யாணப் பேச்சை எடுக்கிறாள், இவள் பக்குவமாகச் சமாளிக்கிறாள். அந்த உரையாடலை எந்த ஊரில் யார் பார்த்தாலும் அது தன் வீட்டு உரையாடல் என்று தோன்றும், நமக்குக் கேட்கவே வேண்டாம். அடாச்சி தொடும்போது கேட்பது, காதல் என்பதே தனக்குத் தேவையில்லை என்கிற அவளுடைய அமைதியான எண்ணம். காதலைக் கொண்டாடுகிற ஒரு தொடருக்குள் காதல் வேண்டாத ஒருத்திக்கு மரியாதையான ஒரு இடத்தைப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள், யாரும் அவளைத் திருத்தப் பார்க்கவில்லை, கடைசியில் அவளுக்கு ஒரு மாப்பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்தவும் இல்லை. மங்காவின் ஃபுஜிசாக்கியை எனக்குப் பிடிக்கும். தொடரின் ஃபுஜிசாக்கி எனக்குத் தேவைப்பட்டாள்.

இரண்டாவது ஜோடியை நிறையப் பேர் தாண்டிப் போகிறார்கள், அதில் எனக்கு வருத்தம். அடாச்சியின் கல்லூரி நண்பன் ட்சுகே மசாட்டோ, எழுத்தாளன், இவனுக்கும் அதே சக்தி. பார்சல் கொண்டுவருகிற மினாட்டோ பார்ப்பதற்கு முரடன் மாதிரி, வெளுத்த முடி, சிடுசிடுப்பான முகம். பார்சலை வாங்கும்போது கை பட்டுவிடுகிறது, அவன் மனசில் ஓடுவது ட்சுகே வீட்டுப் பூனை உடோனைப் பற்றி! தடவிக் கொடுக்க வேண்டும் போல இருக்கிறதாம். அந்த ஒரு நொடியில் ட்சுகே கவிழ்ந்துவிடுகிறான். முதல் ஜோடியில் சக்தி இருப்பவன் விரும்பப்படுகிறவன், இங்கே சக்தி இருப்பவன் விரும்புகிறவன், அதனால் மனசைக் கேட்பது இவனுக்குப் பெரும்பாலும் வலியாகத்தான் வருகிறது. காதல் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவன் வாசலில் நிற்கிற ஒரு பையனிடம் நாலு வார்த்தை பேச முடியாமல் திணறுவதைத் தொடர் அவசர அவசரமாக முடித்துவிட்டது, மங்காவில் அதற்கு மூச்சுவிட இடம் இருக்கிறது.

கடைசியாகக் கல்யாணம். 2022 ஏப்ரலில் வந்த திரைப்படத்தில் அடாச்சி நாகசாகிக்கு மாற்றலாகிப் போகிறான், பிரிவு வருகிறது, வீட்டாரிடம் சொல்கிறார்கள், நெருக்கமானவர்கள் மத்தியில் விழா நடக்கிறது. இனிப்பு தூக்கல், நிஜத்தில் இப்படி நடக்காது என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. ஜப்பானில் ஒரே பாலினத்தவர் சட்டப்படி கல்யாணம் செய்துகொள்ள முடியாது. டோக்கியோவின் ஷிபுயா வட்டாரம் 2015-ல் ஒரே பாலின ஜோடிகளைத் துணைவர்களாக ஏற்கும் சான்றிதழ் கொடுக்கத் தொடங்கியது, டோக்கியோ பெருநகரம் 2022 நவம்பரில்தான் அதற்கு வந்தது. சட்டம் அனுமதிக்காதது அரசியல் சாசனத்துக்கு முரண் என்று சப்போரோ மாவட்ட நீதிமன்றம் சொன்னது 2021 மார்ச்சில், அதாவது தொடர் முடிந்த சில மாதங்களில். இந்தப் பின்னணியைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அந்த விழாவில் இருக்கிற இனிப்பு எனக்குத் திகட்டவில்லை. ஒருவன் மருத்துவமனையில் கிடந்தால் இன்னொருவனுக்கு யார் தகவல் சொல்வார்கள் என்கிற கேள்வி இப்படிப்பட்ட ஜோடிகளுக்கு வெறும் கதை கிடையாது. நிஜத்தில் நடக்காது என்பதாலேயே கதையில் நடக்க வேண்டும் என்று ஒரு வாசகர் கேட்டால் அதில் எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை.

2024 ஜனவரியில் சாட்டிலைட் நிறுவனத்தின் அனிமே, அதாவது அசைபடத் தொடர், வந்தது. கோபயாஷி சியாக்கி அடாச்சிக்கும் சுசுகி ரியோட்டா குரோசாவாவுக்கும் குரல். அசைவுகள் சுமார்தான், பல இடங்களில் படம் நின்றுவிடுகிறது, ஆனால் குரல் நன்றாக வந்திருக்கிறது, உள்மனசுக் குரலும் வெளிக்குரலும் மாறி மாறி வருகிற இடங்களைச் சுசுகி ரசித்துச் செய்திருக்கிறார். அதற்கு முந்தைய மாதம் தொடங்கிய தாய்லாந்துப் பதிப்பில் டே தவான், நியூ தித்திபூம் ஜோடி, பெயர்கள் கரண் (குரோசாவா), ஆச்சி (அடாச்சி) என்று மாறின. ஏற்கெனவே பல தொடர்களில் சேர்ந்து நடித்த ஜோடி என்பதால் அந்த நெருக்கம் திரையில் தெரிகிறது, கூச்சம் மட்டும் கொஞ்சம் குறைகிறது. அடாச்சியிடம் அந்தக் கூச்சம் குறைந்தால் எனக்கு நட்டம்தான்.

புதிதாக வருகிறவர்களுக்கு என் யோசனை: முதல் இரண்டு தொகுதியைப் படித்துவிட்டு ஜப்பானியத் தொடரைப் பாருங்கள், லிஃப்ட் கதவு மூடியதும் கோபம் வந்தால் நேராக மங்காவின் மூன்றாவது தொகுதிக்குத் திரும்பி அங்கிருந்து நிறுத்தாமல் போங்கள். நடுவில் சப்பென்று தோன்றுகிற இடம் வரும். அங்கே நிறுத்திவிட்டவர்கள் யாராவது இருந்தால், இன்னும் ஒரே ஒரு தொகுதி படித்துவிட்டு வந்து என்னோடு சண்டை போடுங்கள், நான் தயார்.